அக்காவின் பட்டன் கத்தி

எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்க உருப்படியாக ஒரு கத்தி கிடையாது. சமையலறையில் இருக்கிற ஒன்று தக்காளியைக் கண்டால் நசுக்கத்தான் செய்யும். பக்கத்து அறையில் அலமாரி நிறையக் கத்தியை அடுக்கி வைத்துக்கொண்டு இப்படி அல்லாடுகிற வீடு வேறெங்கும் இருக்காது. அந்த அலமாரி என் அக்காவுடையது. ஒருநாள் அவசரத்துக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்து எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டேன். ஒரு வாரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புளிப்பு பட்டால் எஃகு கறுத்துப்போகுமாம்.

அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். கல்யாணம் அவளுக்குச் சரிவரவில்லை, எனக்கும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிறோம். நான் சலவைக் கடையில் துணி வாங்கிப்போடும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. அதனால் எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அக்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியாது. மனதுக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். என் சட்டையை அளவு மாற்றித் தைத்துக் கெடுத்த தையல்காரர் ஒருவர் இருந்தார். பல வருடம் கழித்து, காலி பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்பிக்கொண்டு வரும்போது, அந்த மனிதர் கொட்டுகிற மழையில் நிற்பதை அக்கா பார்த்திருக்கிறாள். பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, "என் தங்கச்சி சட்டை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். அதை வீட்டில் வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பஸ்ஸுக்கு முன்னால் அவள் மரச்சாமான் கடையில் வேன் ஓட்டினாள். கட்டின கயிற்றை அறுக்க மடக்குக்கத்தி ஒன்று வேண்டியிருந்தது. இரும்புக்கடையில் போய் வாங்கினாள். மடக்கும்போது அது 'டக்' என்று மூடிக்கொண்ட சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் கிடையாது. சில பேர் தபால்தலை சேர்க்கிறார்கள், சில பேர் பகையைச் சேர்க்கிறார்கள். என் அக்கா மடக்குக்கத்தி சேர்த்தாள். பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கி வந்து, எண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்து, பச்சைக் கம்பளித்துணி விரித்த இழுப்பறையில் படுக்க வைப்பாள். தோலுறையைத் தனியாக வைப்பாள். உறைக்குள்ளேயே விட்டால் தோலில் இருக்கிற ஈரம் எஃகைத் தின்றுவிடும் என்பாள்.

குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேலை என்பதால் போலீஸ் நற்சான்று இல்லாமல் அவள் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஆயுத வழக்கு ஒன்று நிரூபணமானால் போதும், ஆயுசுக்கும் பள்ளிக்கூட பஸ் கிடையாது. ஆகவே கத்திச் சட்டத்தை அவள் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்து வைத்திருந்தாள். அச்செடுத்து, கோடு போட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள். எனக்கும் அதை ஓதாத நாள் கிடையாது. வீட்டுக்குள் சாதாரண மடக்குக்கத்தி எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தெருவில் எடுத்துப்போனால் தக்க காரணம் சொல்லவேண்டும், அதுவும் பூட்டின பெட்டிக்குள் இருக்கவேண்டும். பட்டனை அழுத்தினால் வில்லின் வேகத்தில் பாய்கிற கத்தியும், தன் கனத்தாலேயே தானாக விழுந்து திறக்கிற கத்தியும் வீட்டுக்குள்கூட இருக்கக்கூடாது.

அந்தக் கடைசி வரி சில வருடங்களுக்கு முன்னால்தான் சட்டத்தில் சேர்ந்தது. அப்போது அக்காவிடம் பாய்கிற கத்தி ஒன்றே ஒன்று இருந்தது. கறுப்புக் கொம்புக் கைப்பிடி, மெல்லிய கொடி வேலைப்பாடு. அலமாரியிலேயே அழகானது அதுதான். வைத்திருப்பவர்கள் இன்ன தேதிக்குள் போலீஸ் நிலைய வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடலாம், கேள்வி கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். நல்ல வேலைப்பாடு உள்ளதை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார்கள். அக்காவுக்குத் தன் கையால் அதைப் பெட்டிக்குள் போட மனசு வரவில்லை. கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"இங்க குடு. என் கடைக்கு எதிர்லதானே ஸ்டேஷன்? நான் போட்டுடறேன்" என்றார் எங்கள் அண்ணன்.

அண்ணன் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு மூத்தவர், நல்ல உயரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. எதைப்பற்றிப் பேசினாலும் தனக்குத் தெரியாதது இல்லை என்பார். இந்தக் கதையில் இன்னும் கொஞ்ச தூரத்துக்கு அவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கறுப்புக் கத்தியைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, 'பழைய வேலை, மியூசியத்துக்குக் கொடுக்கவும்' என்று ஒரு சீட்டெழுதிக் கட்டி, அண்ணனிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு லீவு நாட்களில் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் வெக்கல போல" என்பாள். வருடக்கணக்காக இப்படிப் போய்வந்தாள். நானும் கூடப் போயிருக்கிறேன். ஈட்டிகளையும் நசுங்கின பானைகளையும் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை.

இப்போது மஞ்சள் கைப்பிடிக் கத்திக்கு வருகிறேன். வம்பெல்லாம் இதில்தான் ஆரம்பித்தது.

இதற்கு எலும்பில் செய்த கைப்பிடி, பழுத்த மஞ்சள் நிறம். இதிலும் ஒரு பட்டன் உண்டு, ஆனால் அது திறப்பதற்கு இல்லை. பிளேடின் முதுகில் இருக்கும் சிறு குமிழைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கவேண்டும். பட்டன் பூட்டை விடுவிக்க மட்டுமே, மடக்கும்போது அழுத்துவது. சட்டத்தில் இதற்குத் தடை கிடையாது. ஆனால் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிளேடை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகைக் கால் சுற்று தளர்த்திவிட்டால், பூட்டை விட்டதும், திறந்திருந்தாலும் மடக்கியிருந்தாலும், பிளேடு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு விழும். அதில் அவர்களுக்கு ஒரு பரம சுகம். எத்தனை சட்டம் படித்தவளானாலும் என் அக்காவுக்கும் அந்தச் சபலம் வந்து தொலைத்தது. ஒரு லீவு நாள் காலையில் மஞ்சள் கத்தியைக் கழுவித் துடைத்து, திருகைத் தளர்த்தி, மற்றவற்றோடு பழைய செய்தித்தாளின்மேல் வரிசையாகக் காயவைத்திருந்தாள்.

அன்று மதியம் அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். கூடவே தொழிலில் புதிதாகப் பழக்கமான ஒரு நண்பரையும் அண்ணன் அழைத்து வந்தார். வந்தவர் கத்திகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டதும் அண்ணன் அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாத கத்தியா? இதோ பாருங்க" என்று மஞ்சள் கத்தியை எடுத்து, கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்து, யோசிக்காமல் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்து அழுத்தினார்.

பிளேடு சரேலென்று விழுந்து, கீழே ஏந்தியிருந்த இன்னொரு கையில் கீறிவிட்டது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் கத்தி ஒரு பக்கம், தண்ணீர்க் குவளை ஒரு பக்கம் பறந்தது. கீறல் என்னவோ நகக்கண் அளவுதான். நண்பர் முதலில் பதறினார், பிறகு சிரித்தார். அண்ணிதான் அடக்கமுடியாமல் சிரித்தாள். "ஊசி போடவே கண்ண மூடிக்கிற ஆளு, கத்தியப் பத்தி கிளாஸ் எடுக்கறாராம்!" நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து கட்டுப்போட்டாள்.

அண்ணன் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அக்கா திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் பண்ணது தப்பு. தானா விழுந்தா அது சட்டப்படி வேற கத்தி" என்று சொல்லி, திருகு நகராமலிருக்கப் போடுகிற பசையில் ஒரு சொட்டு விட்டு, கெட்டியாக முடுக்கினாள். பிறகு எதையோ யோசித்தபடி பட்டனைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கும்மா. பட்டன அமுத்தினா பாயற கத்தி, மஞ்சக் கைப்பிடி. அத முதல்ல எடுங்க."

அக்கா எடுத்துக் கொடுத்தாள். ஒன்றில் புகார் வந்தால் எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும் என்று இழுப்பறையோடு மொத்தத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைத் தூங்கும்போது தூக்கிப் போட்டதுபோல் கத்திகள் ஒன்றின்மேல் ஒன்று கடகடவென்று விழுந்தன. அக்கா அந்தச் சத்தத்துக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சோதனை முடிவு வரும்வரை அவள் பஸ் ஓட்டக்கூடாது, டிப்போவில் வேறு வேலை பார்க்கலாம் என்றார்கள். வேறு வேலை என்றால் பஸ் கழுவுவது. சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம்மைச் சுரண்டுவது. அதற்குக் கொடுத்தது பிளாஸ்டிக் கரண்டி. மற்ற டிரைவர்கள் அவளைக் கண்டால், "கத்திக்காரி வர்றா, பாத்துப் பேசுங்கப்பா" என்று கையைத் தூக்கிச் சரணடைவது போல நடிப்பார்களாம். அவள் தடத்தில் வேறு ஒருவர் ஓட்டினார். ஜன்னல் வழியாகக் கையாட்டுகிற பிள்ளைகளுக்கு, ஈரக் கையுறையோடு நின்று இவளும் கையாட்டிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் காலி அலமாரியைத் துடைத்து வைப்பாள்.  அந்த மஞ்சள் கத்தி ஒன்று சோதனையில் தோற்றால் போதும், அவளுக்குப் பஸ் இனிமேல் இல்லை. புகார் கொடுத்தவன் யாரென்று தெரிந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தேகம் மேல்மாடி வீட்டுக்காரர் மேல்தான். அக்கா காலையில் சீக்கிரம் கதவைச் சாத்துகிற சத்தம் பற்றி அவர் எப்போதும் புலம்புவார். ஒருநாள் படிக்கட்டில் மடக்கிப் பிடித்து, நாலு வீடு கேட்கிறமாதிரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். மனிதர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி விழித்தார். அக்கா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தாள விடு. அவர் இல்ல."

"அப்ப யாரு? உனக்குத் தெரியுமா?"

"உக்காரு" என்றாள். "போலீஸ்காரர் என்ன சொன்னார்? பட்டன அமுத்தினா பாயற கத்தின்னார். மஞ்சக் கத்தி பட்டன அமுத்தித் திறந்து யார் பாத்திருக்கா?"

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "அண்ணனா? ச்சே, சும்மா இரு. நாம சிரிச்சோம்னா போலீசுக்குப் போவாரு?"

"இன்னும் கேளு. கத்தியே தொடாதவங்க கையில ஒரு மடக்குக்கத்தியக் குடுத்தா, நகத்த விட்டு நெம்புவாங்க. தெரிஞ்சவங்க குமிழத் தள்ளுவாங்க. அண்ணன் கட்டைவிரல் நேரா பட்டனுக்குப் போச்சு. யோசிக்கவே இல்ல. தினம் அமுத்திப் பழகின விரல்தான் அப்படிப் போகும். பட்டன அமுத்தித் திறக்கிற கத்தி நம்ம குடும்பத்துல ஒண்ணுதான் இருந்திச்சு."

கறுப்புக் கத்தி. மியூசியத்துக்கு என்று சீட்டுக் கட்டிக் கொடுத்த கத்தி. அதை அவன் பெட்டியில் போடவே இல்லை. தங்கை வருடக்கணக்காகக் கண்ணாடிப் பெட்டிகளில் தேடிக்கொண்டிருக்க, இவன் கடையில் உட்கார்ந்து அதை டப் டப்பென்று அமுத்தி விளையாடியிருக்கிறான். வைத்திருந்தாலே குற்றமான கத்தியைத் தான் ஒளித்து வைத்துக்கொண்டு, குற்றமே இல்லாத கத்திக்காக இவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். ஒரு சிரிப்புக்காக! அவனுக்குக் கொடுத்துவந்த மரியாதை அந்த இடத்தோடு போயிற்று.

"இப்பவே போன் போடறேன்" என்று எழுந்தேன். "எதிர்லதானே ஸ்டேஷன், ரோட்டத் தாண்டி வந்து அள்ளிட்டுப் போகட்டும்."

"போட்டா என்ன ஆகும்? அபராதம் கட்டுவார். தங்கச்சியே காட்டிக்குடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லி அழுவார். ரெண்டு மாசத்துல மறந்துடுவார்." அக்கா சமையலறைக்குப் போனாள். "முதல்ல என் பஸ் வரட்டும்" என்று அங்கிருந்து சொன்னாள்.

சோதனைக்கு எங்களை அழைத்தார்கள். ஒரு நீளமான மேசை, வெளிச்சமான அறை. சோதிக்கிறவர் பொறுமைசாலி. ஒவ்வொரு கத்தியையும் அளந்தார், திறந்தார், மூடினார். அடுத்து மஞ்சள் கத்தி வந்தது. பட்டனை அழுத்தினார். அசையவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டே தலைகீழாகத் தொங்கவிட்டார். அசையவில்லை. மணிக்கட்டை உதறினார். பிளேடு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு தானே குமிழைத் தள்ளித் திறந்து, மடக்கி, "இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தினாள். 

பொருட்களைத் திருப்பிக் கொடுக்கிற அறையில் ஓர் அம்மாள் இருந்தாள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றித் தந்தாள். அக்கா அவளிடம் பேச்சுக்கொடுத்து, பழைய கறுப்புக் கைப்பிடிக் கத்தி ஒன்று பெட்டியில் வந்ததா என்று விசாரித்தாள். அந்த அம்மாள் பழைய பதிவைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்று வரவேயில்லை என்றாள்.

"சரி, தேதி தெரியாம இன்னும் யாராவது வீட்டுல வெச்சிருந்தா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள் அக்கா, ஒன்றும் தெரியாதவள் போல.

"தேதியெல்லாம் போனாப் போகுது. ஒரு போன் போட்டு, வந்து எடுத்துக்குங்கன்னு சொன்னாப் போதும். நாங்களே வீட்டுக்கு வந்து வாங்கிப்போம். தானா சொல்றவங்க மேல கேஸ் கிடையாது. சட்டத்துலயே எழுதியிருக்கே, கடைசிப் பக்கத்துல. யாரு படிக்கிறாங்க!"

அக்கா தலையாட்டினாள். அவள் அதைப் படித்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பஸ் திரும்பக் கிடைத்தது. முதல் நாள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பஸ் ஹாரனே கேட்கவில்லை என்று வந்து சொன்னாள். அந்த வார லீவில் குளித்து, நல்ல உடை உடுத்தி, அச்செடுத்த சட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வா, அண்ணன் கடைக்குப் போகலாம்" என்றாள். நான் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினேன். "நீ வாயத் திறக்கக்கூடாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

கடையில் துணிச் சுருள்கள் சுவரெல்லாம் சாய்ந்து நின்றன. அவன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாகி, உடனே பல்லைக் காட்டினான்.

"வாங்க வாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே? எனக்கு உசிரே வந்திச்சு."

"அந்த இழுப்பறையத் திறங்க அண்ணா" என்றாள் அக்கா.

"எந்த இழுப்பறை?"

"உங்க வலது கைப் பக்கம் இருக்கே. கட்டைவிரல் வழக்கமாப் போற இடம்."

அவன் சிரித்துப் பார்த்தான், முறைத்துப் பார்த்தான். "என்ன சொல்ற, எனக்குப் புரியல" என்றான். அக்கா பதில் சொல்லாமல் நின்றாள். அவளால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படி நிற்கமுடியும். கடைசியில் அவன்தான் எழுந்து, கதவுப் பக்கம் பார்த்துவிட்டு இழுப்பறையை இழுத்தான். கறுப்புக் கத்தி பொத்தான்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில் கிடந்தது. எண்ணெய்த் துணியும் இல்லை, சீட்டும் இல்லை. கொடி வேலைப்பாட்டில் அவன் கை அழுக்கு ஏறியிருந்தது.

"அழகா இருந்திச்சேன்னு வெச்சிருந்தேன். அதுக்கென்ன இப்போ?" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "புகார் விஷயம், குழந்தைங்க போற பஸ்ஸாச்சேன்னு ஒரு அக்கறைலதான். நீ தப்பா எடுத்துக்கக்கூடாது."

எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தப்பாவே எடுத்துக்கல அண்ணா. உங்களுக்கும் சட்டம் தெரியணுமேன்னுதான் வந்தேன்." அக்கா தாளை விரித்தாள். "இந்தக் கத்தி கடையில இருக்கறது குத்தம். வீட்டுல வெச்சாலும் குத்தம். இத எடுத்துட்டு நீங்க வாசப்படி தாண்டினா, அது தெருவுல தடை செஞ்ச ஆயுதத்தோட நடக்கறது. அதுக்குத் தண்டனை ஜாஸ்தி. எதிர்ல ஸ்டேஷன் வேற."

"தூக்கிப் போட்டுட்டா?"

"யாராவது ஒரு பிள்ள எடுத்து கையக் கிழிச்சுக்கிட்டா? உங்க கை ரேகை கைப்பிடி முழுக்க இருக்கு."

"யாருக்காவது குடுத்துட்டா?"

"குடுக்கறதும் குத்தம், விக்கறதும் குத்தம். வாங்கறவங்க மேலயும் கேஸ்."

அப்போது பார்த்து ஓர் அம்மாள் ஜன்னல் திரைக்குத் துணி கேட்டு உள்ளே வந்தாள். அவன் எழுந்து போய் அளவெடுத்துக் காட்டவேண்டியதாயிற்று. நீலத்தில் கேட்டால் பச்சையை இழுத்தான். நாடாவைத் தலைகீழாகப் பிடித்தான். அந்த அம்மாள், "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு தின்ற மாதிரி இருந்தது.

"நீயே எடுத்துட்டுப் போயிடேன்மா" என்றான், திரும்பி வந்ததும். கை கூப்பாத குறை. "உன் கத்திதானே?"

"நான் எப்படிண்ணா தொடுவேன்? நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவளாச்சே" என்று சொல்லி, அக்கா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தை அவனுக்குக் காட்டவில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வரியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். படிக்கவேண்டும் என்றால் அவனே படிக்கலாம், யாருக்கும் தடையில்லை. ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று அவன் என்றைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான், படிப்பதற்கு?

அதற்குப் பிறகு அண்ணி என்னிடம் புலம்ப ஆரம்பித்தாள். "உங்க அண்ணனுக்கு என்னவோ ஆயிடுச்சு. காலிங் பெல் அடிச்சா பாத்ரூம்ல போய் நிக்கறாரு. போலீஸ் வண்டி போனா கடை ஷட்டர இறக்கிடறாராம்." அண்ணி நல்லவள். அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றும். அப்போது டிப்போவில் பிளாஸ்டிக் கரண்டியோடு சீட்டுக்கு அடியில் குனிந்திருந்த அக்கா ஞாபகத்துக்கு வருவாள். "டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணி" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

ஒரு லீவு நாள் காலையில் அவனே அக்காவைப் போனில் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன், குரல் வெளியே கேட்டது. "வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். பால்கனில ரோஜாத் தொட்டி இருக்கில்ல, அதுல பொதச்சு வெச்சிருக்கேன். அதுவும் குத்தமா?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. "எதுல சுத்திப் பொதச்சீங்க?"

"எதுலயும் சுத்தல. அப்படியே மண்ணுக்குள்ள."

அவள் போனை வைத்துவிட்டு, போய் அலமாரியைத் திறந்து, அந்தக் கத்தி முன்பு படுத்திருந்த இடத்தைத் தடவினாள். அந்த இடத்தில் அவள் வேறு எதையும் வைத்ததில்லை. ஈரமண். மழைக்காலம் வேறு. தோலுறையின் ஈரத்துக்கே பயந்து தனியாக எடுத்துவைக்கிறவள் அவள். கண் கலங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, போதும். கத்தியெல்லாம் திருப்பிக் குடுத்தாங்களே, அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடு. இப்ப எடுத்தாக்கூட தேச்சு எடுத்துடலாம். மியூசியத்துல வெப்பாங்க. நீ போய்ப் பாக்கலாம்" என்றேன்.

"போட்டா அவரும் தப்பிச்சுடுவார்" என்றாள்.

"கத்தி தப்பிக்கும் இல்ல?"

அவள் அந்த லீவு நாள் பூராவும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, "வா, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். சரி, மனசு இறங்கிவிட்டது, அந்தக் கடைசிப் பக்கத்து வரியைச் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அண்ணி காபி கலக்க உள்ளே போனாள். அக்கா நேராகப் பால்கனிக்குப் போனாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். நான்கைந்து தொட்டிகள் இருந்தன. ரோஜாத் தொட்டியில் மட்டும் மண் கிளறின தடம் தெரிந்தது. அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு குழாயடியில் இருந்த குவளையை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள்.

"சாரல்கூடப் படாம ரோஜா வாடிக் கெடக்கே அண்ணி, யாரும் தண்ணி ஊத்தறதில்லையா?" என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள்.

"அத ஏன் கேக்கற! இவருதான் அந்தத் தொட்டிகிட்டயே போகவிட மாட்டேங்கறாரு" என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. "உன்னால முடிஞ்சா ஊத்திட்டுப் போ தாயி."

அக்கா ஊற்றினாள். நிதானமாக, வேரைச் சுற்றி, மண் முழுக்க ஊறும்படி ஊற்றினாள். கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.  அவளுக்கு அந்த எஃகு உள்ளே என்ன ஆகிக்கொண்டிருக்கிறதென்று தெரியும், நிறம் முதற்கொண்டு தெரியும்.

"இனிமே வாரா வாரம் நானே வந்து ஊத்தறேன் அண்ணா" என்றாள்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நான் குவளையை வாங்கி, குழாயில் நிரப்பி, இன்னொரு முறை ஊற்றினேன்.